அங்கம்மா கையும் ரெண்டு டப்பாவும்

நெட்டுக்குப்பத்து அங்கம்மா கையில ஒரு மீனைக் குடுத்தா போதும். அது எத்தினி கிராம், அதுல செதிலு எத்தினி கிராம், சாவறதுக்கு முன்னாடி கடைசியா இன்னா துன்னுச்சின்றது வரைக்கும் அந்தக் கை சொல்லிடும். காலடிப்பேட்டை மார்க்கெட்ல அவ முன்னாடியும் ஒரு கரண்டு தராசு கீது. ஆனா அது சும்மா சாட்சிக்கு. மொதல்ல அங்கம்மா மீனைத் தூக்குவா, "முக்கா, இருவது கிராம் தூக்கல்"னுவா, அப்பாலதான் தராசுல வெப்பா. தராசு பயந்துகினே அதே நம்பரைக் காட்டும். இருவத்தி நாலு வருசமா இப்டிதான். மீன் துன்னாதவன்கூட இதைப் பாக்க வந்து நிப்பான், நின்ன பாவத்துக்கு அரை கிலோ சங்கரா வாங்கினு போவான்.

கல்யாணத்துல தாலி கட்டின கையோட மாப்ள திருமலை இவ கையப் புடிச்சான். இவ சும்மா இருக்காம, "அம்பத்தி எட்டு கிலோ. சாப்புட மாட்டியா நீ"ன்னு கேட்டா. திருமலை இன்னிக்கும் அத மறுத்ததில்ல. மறுக்கறதுக்கு அவன் எங்க கீறான்? லாஞ்சுல போனா பத்து நாள் கடல்ல, வந்தா நாலு நாள் தூக்கத்துல.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, செங்கொடி. மீனவர் சங்கத்து ஊர்வலம் போன அன்னிக்கு பொறந்ததால அந்தப் பேரு. எண்ணூர்ல ரயிலேறி, பீச் ஸ்டேஷன்ல மாறி, யுனிவர்சிட்டில சைக்காலஜி படிக்குது. இது தெரிஞ்ச நாள்ல இருந்து பாதி குப்பம் அது எதிர்ல வந்தா தரையப் பாத்துகினுதான் போவும், மனசுல கீறத கண்டுபுடிச்சிடும்னு. பொண்டாட்டிக்குத் தெரியாம பிரியாணி துன்னவன்லாம் சந்துல பூந்து ஓடிடுவான்.

"அண்ணா, எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா. பஸ்ட் இயர்தான் படிக்கிறேன்"னு சொல்லிப் பாத்துச்சு.

"அப்ப செகண்ட் இயர்ல தெரிஞ்சிடும்"னு இன்னும் வேகமா ஓடினானுங்க.

ஒரு ஞாயித்துக்கெழம செங்கொடி ரெண்டு தகர டப்பாவ எடுத்துகினு ஆத்தாகிட்ட வந்துச்சு. ஒண்ணு தலகாணி சைஸுக்கு பிஸ்கட் டப்பா. இன்னொண்ணு உள்ளங்கையில அடங்கற பெருங்காய டப்பா. காலேஜ்ல பத்து பேருகிட்ட குடுத்து எது கனம்னு கேட்டுகினு வரச் சொல்லி கீறாங்க. ஒம்போது பேரு முடிஞ்சிச்சு, எல்லாரும் ஒரே பதிலு. பத்தாவது ஆளா ஆத்தாவ வெச்சிருந்துச்சு. கூடப் படிக்கிற நவ்ரீன்கிட்ட, "யாரு ஏமாந்தாலும் எங்கம்மா ஏமாற மாட்டாங்க"ன்னு வேற சவடால் வுட்டு வந்திருந்துச்சு.

அங்கம்மா கையத் தொடச்சிகினு பெருச தூக்கினா. சின்னத தூக்கினா.

"இதுக்குப் போயா காலேஜு? சின்னதுதான் கனம். அறுநூறு கீது. பெருசு நானூறு தாண்டாது."

செங்கொடி ரெண்டையும் ஆத்தாவோட தராசுல வெச்சுது. ஐநூறு. ஐநூறு.

"தராசு கெட்டுப்போச்சுடி."

"நல்லாதாம்மா கீது."

அங்கம்மா பக்கத்து வூட்டு தராசுல வெச்சா. ஐநூறு, ஐநூறு. ரேஷன் கடை தராசுல வெச்சா. ஐநூறு, ஐநூறு. வூட்டுக்கு வந்து மறுபடியும் தூக்கினா. இன்னும் சின்னதுதான் கனம்.

"உள்ள மணலு போட்டு நான்தாம்மா ஒரே எடையா பண்ணேன்"ன்னுச்சு செங்கொடி. "பெருசப் பாத்ததும் ரொம்ப கனம்னு மனசு நெனச்சிக்கிது. தூக்கினா அவ்ளோ இல்லியா, அதான் லேசா தெரியுது. எங்க புரபசருக்கும் அப்டிதான் தெரியும்."

"உங்க புரபசரு மீனா விக்கிறாங்க?"

"மீன்ல உனுக்கு பழக்கம் கீதும்மா. டப்பா புதுசு, அவ்ளோதான்."

அங்கம்மா காதுல அதெல்லாம் ஏறல. அவ கையத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு இருந்தா, எவனோ ராத்திரியோட ராத்திரியா வேற கைய மாட்டி வுட்டுட்ட மாதிரி.

அன்னிலேர்ந்து அவ பாட்டுக்கு ஏதோ கனாவுல நடக்கற மாதிரி நடந்தா. கண்ணுல பட்டதெல்லாம் தூக்கினா. தண்ணிக் கொடம், அம்மிக் கொழவி, தூங்கினு இருந்த பூனை. எதிர் வூட்டுக் கொழந்தைய மூணு வாட்டி தூக்கினதுல அது இவளக் கண்டாலே ரெண்டு கையையும் மேல தூக்கிச்சு. எதத் தூக்கினாலும் ஒரு நம்பரு வரும், அது பின்னாலயே "நெசமாவா"ன்னு ஒரு கொரலு வரும்.

மார்க்கெட்ல பஷீர் பாய் வந்தாரு. தண்டையார்பேட்டைல துணிக்கடை வெச்சிகினு கீறாரு. இருவது வருசமா அங்கம்மாகிட்ட தவிர வேற யாருகிட்டயும் மீன் வாங்காத மனுசன்.

"மருமவன் வந்து கீறாரும்மா. கொடுவா ஒண்ணு குடு. எவ்ளோ வரும், கை இன்னா சொல்லுது?"

அங்கம்மா தூக்கினா. நல்லா பெரிய மீனு. பெருசா கீறதால லேசா தெரியுதோன்னு நூறு கூட்டினா. ஒருவேள நெசமாவே லேசோன்னு அம்பது கொறச்சா. அப்பறம் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாத்தா.

"ஒன்னரை" அப்டின்னா.

தராசு ஒண்ணே கால்னு காட்டிச்சு. மார்க்கெட்டே மூச்சு வுடல. ஈகூட மீன் மேல ஒக்காந்த எடத்துல அப்டியே நின்னுச்சு. கால் கிலோ தப்பு, அங்கம்மா வாயிலேர்ந்து.

"வெயிலும்மா. வெயிலு"ன்னு சொல்லிட்டு பாய் மெதுவா போயிட்டாரு. திட்டியிருந்தாகூட தேவலாம்னு இருந்துச்சு அவளுக்கு. மறுநாள்லேர்ந்து மீனத் தூக்காம நேரா தராசுல வெச்சா. வேடிக்க பாக்க வந்தவங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு, பக்கத்துல மீன் விக்கிற வெற்றியோட கடைக்கு நவுந்துட்டாங்க. இனிமே நாமளும் எல்லாரையும் போல மீன் விக்கிற ஒரு பொம்பள, அவ்ளோதான்னு அங்கம்மாவுக்குத் தோணிச்சு.

ஒரு மத்தியானம் டப்பா ரெண்டையும் ஆத்துல வீசிடலாம்னு கெளம்பினா. தனித்தனி துணிப்பைல போட்டு, கைக்கு ஒண்ணா பையோட காதப் புடிச்சி தொங்க வுட்டுகினு போனா. முகத்துவாரத்துல கவுத்துப் போட்ட படகு நெழல்ல, ஒரு கட்டை மேல ஒக்காந்தா. பை ரெண்டும் வெரல்லயே மாட்டிகினு தொங்குது. தண்ணி மேல வெயிலு வெள்ளிக் கெளுத்தி மாதிரி துள்ளுது. அந்தப் பக்கம் பவர் ஹவுஸ் பொகை, மேகத்தோட சேந்துக்கலாமா வேணாமான்னு யோசிச்சிகினு நிக்கிது. காத்து வந்து கண்ணு ரெண்டையும் மூடி வுட்டுச்சு.

கனாவுல அவ காலடிப்பேட்டைலதான் கீறா. ஆனா கூடைல மீனு இல்ல. மொதல்ல பவர் ஹவுஸ் சிம்னிய யாரோ எடுத்து கையில வெச்சாங்க, எடைய சொன்னா. துறைமுகத்துல நிக்கிற கப்பல வெச்சாங்க, அதுல தூங்கற எலியோட சேத்து சொன்னா. பொகைய ஒரு கைப்புடி வெச்சாங்க, "காக்கிராம்கூட தேறாது"ன்னா. நடுக்கடல்ல தூங்கற திருமலைய லாஞ்சோட தூக்கிக் குடுத்தாங்க. "இப்ப எழுவத்தி ஒண்ணு ஆய்ட்டான்"னு சிரிச்சா. கடைசியா கடலயே மடிச்சி ஒரு கைல வெச்சிட்டு, இன்னொரு கைல எண்ணூர் ஊரையே வெச்சாங்க. இப்டியும் அப்டியும் ஆட்டிப் பாத்தா. ரெண்டும் சமம்னு கை சொல்லிச்சு. கூட வந்து கேள்வி கேக்கற அந்தக் கொரலு வரல.

பாதி முழிப்பு வந்துச்சு. கண்ணத் தொறக்கல. பை ரெண்டும் கையிலயே தொங்குது. சமமாதான் தொங்குது. அவ பையில கீறத எடுத்து மடில வெச்சா, கண்ணத் தொறந்து தூக்கிப் பாத்தா. சின்னது கனம். மறுபடி பைல போட்டு, கண்ண மூடி தொங்க வுட்டா. சமம். தொறந்தா கனம், மூடினா சமம். அந்தப் பக்கம் வலையோட போன குப்பத்துப் பையன் பிரகாஷு, "இன்னா பெரிம்மா, ஆத்தப் பாத்து கண்ணடிச்சிகினு கீற"ன்னான்.

"போடா, எனுக்கு வேல கீது"ன்னுட்டு வூட்டுக்கு ஓடினா.

"ஏய் செங்கொடி, களவாணி கை இல்லடி. கண்ணு. கண்ணுதான் கையில போயி பொய் சொல்லுது."

செங்கொடி பொஸ்தகத்தப் பொரட்டி, வெரல வெச்சி காட்டிச்சு. "ஆமாம்மா. கண்ணக் கட்டிகினு, கயித்துல தொங்க வுட்டு தூக்கினா ஏமாற மாட்டாங்கன்னு போட்டு கீது. நான்தான் இந்தப் பக்கத்த இன்னும் படிக்கல."

"என்னக் கேக்காம எவன் எழுதினான்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியேம்மா." அப்டி சொல்லிட்டு நோட்டுல பத்தாவது ஆளோட பேர எழுதிச்சு: அங்கம்மா, மீன் வியாபாரம். கண்ணத் தொறந்து, ஏமாந்தாங்க. கண்ண மூடி, தானே கண்டுபுடிச்சாங்க.

வெள்ளிக்கெழம பஷீர் பாய் வந்தாரு. பாவம்னு நெனச்சிகினு, எடைய பத்தி பேசாம ஒரு வஞ்சிரத்த மட்டும் காட்டினாரு. அங்கம்மா மீன் வாலுல ஒரு கயிறக் கட்டினா, தொங்க வுட்டா, கண்ண மூடினா.

கொஞ்ச நேரம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சு. "தூங்கிட்டியாம்மா"ன்னாரு பாய்.

"பேசாத பாய். வருது."

பேரம் பேசினவங்க பேரத்த நிறுத்தினாங்க. வெற்றி கடைல நின்னவங்க திரும்பினாங்க. அங்கம்மா மூஞ்சி, மெதுவா ஆடற படகுல படுத்துகினு கீறவ மூஞ்சி மாதிரி இருந்துச்சு.

"ரெண்டு கிலோ. முப்பது கிராம் கம்மி."

பாய் தானே மீன வாங்கி, கயித்த அவுத்து தராசுல வெச்சாரு. குனிஞ்சி கண்ணாடியத் தொடச்சிகினு பாத்தாரு. அப்பறம் சுத்தி நின்னவங்களப் பாத்து தலைய ஆட்டினாரு, ஆமான்ற மாதிரி.

அங்கம்மா அதப் பாக்கல. கண்ணு இன்னும் மூடினபடியே, அடுத்த மீனுக்கு கைய நீட்டினு இருந்தா.