மூணாம் தறிக்குத் தேதி வந்த கதை

பட்டுக் கடையில கணக்கு பார்க்கறேன். ஆடிட்டர் விற்பனை விவரத்தை சிஎஸ்வி பைலா கேட்டாரு, இன்னிக்குக் காலையில அனுப்பினேன்.

உடனே போன்.
"ஏம்மா, சேலை நம்பர் கேட்டா மூணு டிசம்பர்னு இருக்குது?"

மூணாம் தறியோட பன்னெண்டாவது சேலைக்கு நாங்க 3-12னு எழுதுவோம். பைலைத் திறந்ததும் கம்ப்யூட்டர் அதைத் தேதியா மாத்திடுச்சு.

14-20 மட்டும் அப்படியே இருந்துச்சு. ஏன்னு ரொம்ப நேரம் பார்த்துக்கினு இருந்தேன். இருபதாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே.

முதலாளி பாய் யோசிச்சார். "தறி நம்பரெல்லாம் நூத்துக்கு மேல மாத்திடலாமாம்மா?"

மாத்தலாம். இருபது வருஷமா மூணாம் தறிக்காரர்னு பேர் வாங்கினவர்கிட்ட, ஒரு பைலுக்காக இனிமே நீங்க நூத்திமூணுன்னு யாருப்பா போய்ச் சொல்றது?