குழித்துறையில் விழுந்த அடி

குழித்துறைச் சந்தை ஓரம் டீ குடிக்க நிற்கிறேன். பத்மநாபபுரத்துக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று பக்கத்தில் நிற்கும் வேட்டிக்காரர் அன்பாக விளக்கிக்கொண்டிருக்கிறார்.

எதிரே, சட்டையெல்லாம் சிமெண்ட் படிந்த வடநாட்டு இளைஞர் ஒருவர், அழுகிற பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார்.

"பிள்ள பிடிக்க வந்தவன்டே" என்று யாரோ சொல்கிறார்கள். எனக்கு வழி சொன்ன மனிதர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், அந்த இளைஞரின் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். நான் டீ கிளாஸைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிடுகிறது. பலர் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். இளைஞர் இந்தியில் கெஞ்சுவது யாருக்கும் புரியவில்லை.

மீன் விற்கும் பெண் ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறார்.

"கைய எடுங்கடே. கொச்சு அவனுக்க களுத்த கெட்டிப்பிடிச்சிருக்கது காணலியா? அது அவனுக்க பிள்ளையாக்கும்."

அப்போதுதான் பார்க்கிறோம். குழந்தையின் காலில் சுற்றிய துண்டு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அந்த இளைஞரின் சிவந்துபோன கன்னத்தைத் தடவி, "பப்பா, பப்பா" என்று அது விம்முகிறது.

அந்தப் பெண் ஆட்டோவை நிறுத்தி, இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். அடித்தவரைக் காணவில்லை. கூட்டம் ஒன்றும் நடக்காததுபோலக் கலைகிறது.

"அவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்று கேட்கிறேன்.

"தெரியாது" என்றவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "நீங்களும் கிட்டத்தானே நிண்ணிய. ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"