நீக்கப்பட்ட பிரிவு

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்த லிகிதர் முத்துக்குமாரர், சட்டப் புத்தகங்களில் வேறொருவரையும் கை வைக்க விடமாட்டார். ஒரு பிரிவு நீக்கப்பட்டதாக அரச வர்த்தமானி அறிவித்தல் வந்தால், அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் ஒரே கோடு இழுப்பார். ஓரத்தில் 'நீக்கப்பட்டது' என்று எழுதித் திகதி போடுவார். கோட்டுக்குள்ளால் எழுத்துத் தெரியவேண்டும். எழுத்து மறையும்படி கறுப்பாக அடித்துவிட்ட இளம் சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை சீறினார்.

"நீக்கினது இண்டையிலிருந்துதான், தம்பி. நேற்றுவரை அதுக்குக் கீழை செய்தது செய்ததுதான்."

எண்பத்தாறாம் ஆண்டில் ஒருநாள், அப்படியொரு கோட்டை இழுத்து முடித்தபோது, பிரிவு நீக்கப்பட்டதைக் கேள்விப்பட்டு ஓடிவந்த கொழும்புத்துறைப் பெர்னடெட் மேசையருகே நின்றாள். அந்தப் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டு அவளுடைய மகன் சிறையில் இருந்தான்.

"உதிலைதானே ஐயா என்ரை மகனுக்குத் தீர்ப்புச் சொன்னவை? இனி விடுவினம், என்ன?"

முத்துக்குமாரர் ஓரத்தில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி, அன்றைய திகதியைப் போட்டார். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பெர்னடெட் குனிந்து, ஈரக் கோட்டில் விரல் படாமல், ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"வெட்டினாப் பிறகும் எல்லாம் வடிவாத் தெரியுது, ஐயா," என்றாள்.