ருசித்த வாய்

யா துஃபியேவைக் கோபக்காரி என்று ஊர் சொல்லும். பிறக்கும்போதே அப்படி இல்லை. தாய் செத்து, தாய்மாமனும் பட்டணத்துப் பக்கம் போய் முகம் காட்டாமல் இருந்துவிட்ட பிறகு, தங்கை அபேனாவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டே கொக்கோ காய் உடைத்து ஆளானவள். கொடுக்கிற கை எப்போதும் துஃபியேவின் கை. வாங்குகிற கை அபேனாவின் கை. அபேனாவுக்கு அக்குவா பிறந்து, புருஷன் எல்லை தாண்டி வேலைக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் துஃபியே காய்ச்சலில் விழுந்தாள். நாக்கு குழறியது, ஆள் அடையாளம் தெரியவில்லை. அபேனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடவே தங்கினாள். வேப்பிலை ஆவி பிடித்தாள், மிளகாய் தூக்கலாக இறைச்சி சூப் வைத்து வாயில் ஊற்றினாள். அந்தச் சூப் உள்ளே போன பிறகுதான் துஃபியேவின் கண் நிலைத்தது.

முற்றத்தில் வந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், பார்க்க வந்த பெண்களிடம் அவள் சொன்னாள்: "என் தங்கச்சி இல்லைன்னா இந்நேரம் என் சாவுக்குச் செவப்புத் துணி கட்டியிருப்பீங்க."

சூப்புக்கு இறைச்சி ஏது என்று ஒருத்தி கேட்டாள். புருஷன் அனுப்பின காசில் வாங்கியது என்றாள் அபேனா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை துஃபியே அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் நடந்து போக முடிந்த பிறகுதான் தன் வெள்ளைக்கால் ஆட்டைக் காணோம் என்று துஃபியேவுக்குத் தெரிந்தது. கண்ணி வைத்துத் திரிகிற அட்டாவின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. வழியில் மறித்துக் கேட்டாள்.

"உன் ஆட்டை நான் எதுக்குத் திங்கணும், யா அம்மா? அதுவும் உன்னை மாதிரி முரடாத்தானே இருக்கும், பல்லுல மாட்டிக்கிட்டு வராது" என்றான் அவன்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆடு போனதைக்கூடப் பொறுத்திருப்பாள், அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. அப்படியே முட்டையும் சாராயப் புட்டியும் எடுத்துக்கொண்டு அங்குமா ஆற்றுக்கு நடந்தாள். அந்த ஆற்றுத் தெய்வம் அங்குமாவுக்காகப் பேசுகிற பூசாரி அம்போன்சா கரையில் இருந்தார். கொஞ்சம் பொறு என்றார். கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள், திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாடு என்றார். துஃபியே காதில் வாங்கவில்லை. முட்டையைக் கல்லில் உடைத்தாள்.

"என் ஆட்டைத் தொட்ட கை, அதை ருசிச்ச வாய், ரெண்டையும் நீயே தேடிப் புடி. வயிறு வீங்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அபேனா ராத்திரிச் சாப்பாட்டு ஃபுஃபுவுக்கு வெந்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை உரலுக்குள்ளேயே நின்றது. ஏதோ சொல்ல வந்தாள். இனி அந்தத் திருடன் வீட்டில் ஒப்பாரிதான் என்று துஃபியே சிரித்தாள். அபேனா மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாளில் குழந்தை அக்குவாவின் வயிறு உப்பியது. ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், வற்றவில்லை. ஒரு மத்தியானம் அபேனா வந்து தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டை நான்தான் வெட்டினேன்."

துஃபியே காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ செத்துருவேன்னு நினைச்சேன். கறி வாங்க என்கிட்ட என்ன இருந்துச்சு? அந்த ஆடுதான் கண்ணுல பட்டுது."

"முற்றத்துல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேடி."

"நீ என்னைப் புகழ்ந்தியே அக்கா. எல்லாரும் கேக்க. அதுக்கு முன்னாடி எப்பப் புகழ்ந்த?"

தொட்ட கை தங்கையின் கை. ருசித்த வாய் குழந்தையின் வாய், தங்கையின் வாய், எல்லாருக்கும் முந்தி துஃபியேவின் வாய். தன் உயிரைத் திருப்பிக் கொடுத்த சூப்பையே தேடிப் பிடிக்கச் சொல்லி ஆற்றிடம் கேட்டிருக்கிறாள். அங்குமா ஒரு ஆளோடு நிற்பவளும் இல்லை. தாய்வழி ரத்தம் மொத்தத்தையும் தேடி வருவாள்.

அம்போன்சாவிடம் ஓடினாள். கூப்பிட்ட வாய்தான் வந்து போகச் சொல்ல வேண்டும் என்றார் அவர். கரையில் ஊர் கூடி நிற்க, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு கிடா வெட்டினால் அவள் விலகுவாள்.

சொன்னால் குழந்தை பிழைக்கும். ஆனால் திருடி என்ற பேர் அபேனாவோடு போகாது. நாளைக்கு அக்குவாவைப் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, அந்த வீட்டில் களவு உண்டா என்றுதான். பிழைத்த குழந்தை அந்தப் பேரைச் சுமந்துகொண்டு வாழ வேண்டும். "என் பேரைச் சொல்லிடு அக்கா, பிள்ளை பொழைச்சா போதும்" என்றாள் அபேனா. சொல்லிவிட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆற்றங்கரையில் அட்டாவும் வந்து நின்றான். துஃபியே தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆட்டை வெட்டச் சொன்னது நான்தான். காய்ச்சல்ல சொன்னது, மறந்துபோச்சு. என் தங்கச்சி நான் சொன்னதைச் செஞ்சா. தின்னவளும் நான்."

அபேனா சட்டென்று தலையைத் தூக்கினாள். அம்போன்சா துஃபியேவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். சாராயத்தை ஊற்றினார், கிடாயை வெட்டினார்கள். துஃபியே அட்டாவின் கையில் ஒரு சேவலைக் கொடுத்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள்.

"இதாவது பல்லுல மாட்டாம இருந்தா சரி" என்றான் அவன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அக்குவாவின் வயிறு வற்றியது. அங்குமா ஏற்றுக்கொண்டாள் என்றது ஊர். துஃபியேவுக்குத்தான் அது தெரியவில்லை. தான் சொன்னதை ஏற்றுக்கொண்டாளா, தண்டனையைத் தள்ளிப் போட்டிருக்கிறாளா? ஒரு தடவை தங்கையிடமே கேட்டுப் பார்த்தாள், காய்ச்சலில் தான் ஏதாவது சொன்னேனா என்று. தண்ணீர் கேட்டாய், அம்மாவைக் கூப்பிட்டாய் என்றாள் அபேனா. ஆட்டைப் பற்றி? அபேனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு துஃபியே எந்தத் தெய்வத்திடமும் எதையும் கேட்டதில்லை. தேவாலயத்தில் எல்லாரோடும் பாடுவாள். கையேந்தி வேண்டுகிற நேரம் வந்தால் எழுந்து வெளியே போய் நிற்பாள். அங்குமாவைக் கடக்கும்போது உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

அக்குவா வளர்ந்து, நல்ல வீட்டில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வலி சீக்கிரமே வந்துவிட்டது. அபேனா அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு வார்த்தை கேளு அக்கா. நல்லபடியா பொறக்கணும்னு. நீதான் வீட்டுக்குப் பெரியவ."

"கேக்க வாயைத் தொறந்தா, அன்னைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுன்னு அங்குமா கேப்பா. நான் எதைடி சொல்லுவேன்?"

அபேனாவே முட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினாள். துஃபியே உள்ளே போனாள். பாயில் கிடந்த அக்குவா, "வயித்துல கைய வை, பெரியம்மா" என்றாள். துஃபியே கையை நீட்டினாள். வீங்கி இறுகியிருந்த அந்த வயிற்றுக்கு மேல் கை நின்றது, இறங்கவில்லை.