அலமாரியைப் பிடிக்கும் கைகள்

பின்மதியம் சாய்ந்ததும் நொல்பெர்த்தா பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துபோய், பீங்கான் அலமாரியின் கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நிற்பார். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம் அது. எங்கள் சுரங்க ஊரான சாந்தா எல்விராவில் சங்கு ஊதியதும், அதிர்ச்சியில் கோப்பைகள் விழாமலிருக்க, வீட்டுக்கு வீடு பெண்கள் இப்படித்தான் அலமாரியைப் பிடித்துக்கொள்வார்கள். ஊரைக் காலிசெய்து கீழே நகரத்துக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இங்கே வெடி கேட்பதில்லை. ஒரு கோப்பைகூட ஆடுவதில்லை. யாராவது சிரித்தால், "என் அலமாரி, என் கை. உனக்கு எங்க வலிக்குது?" என்பார்.

தொழில் காகிதப் பூ. அட்டகாமா பாலைவனத்தில் நிஜப்பூ ஏது? காகிதத்தை இதழ் இதழாக வெட்டி, வெயிலில் நிறம் போகாதிருக்க மெழுகில் தோய்த்துக் கல்லறைக்கு வளையம் கட்டுவார். பேரம் பேசுகிறவர்களிடம், "மாமியாருக்குத்தானே? வெளுத்தாப் பரவால்லன்னு சொல்லு, மெழுகில்லாமத் தர்றேன்" என்பார்.

தாமிரம் எடுத்தபின் மிஞ்சும் கழிவுக் கல்லை ஊருக்குப் பின்னாலேயே கொட்டினார்கள். தட்டையாக, அடுக்கடுக்காக உயர்ந்த அந்த மேட்டுக்கு எங்கள் ஊரில் 'கேக்' என்று பெயர். கேக் முதலில் ஆஸ்பத்திரியைத் தின்றது. பிறகு சினிமாக் கொட்டகையை. "அடுத்த விருந்து யாரு வீட்டுல?" என்று கேலி பேசிக்கொண்டே மூட்டை கட்டினோம். மிச்சம் இருப்பது மயானம். அதன் பின்வரிசையில் நொல்பெர்த்தாவின் மகள் எர்சிலியா. மூன்று வயதில் காய்ச்சலில் போனவள்.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளோடு மயானத்தைப் பூட்டிவிடுவதாகச் சுரங்க நிர்வாகம் அறிவித்தது. வேண்டியவர்கள் அன்றைக்குள் தங்கள் இறந்தவர்களை எடுத்துக்கொள்ளலாம். என் அம்மாவை நான் முன்பே எடுத்து வந்துவிட்டேன். நொல்பெர்த்தா மகளை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே வளையம் கட்டிக்கொண்டிருந்தார். திருநாளன்று மேலே போகும் பேருந்தில்தான் என் காதோரம் வாய் திறந்தார்.

"இந்தக் காஞ்ச உப்பு மண்ணுல எதுவும் மக்காதுடி. தொறந்தா அவ மொகம் அப்படியே இருக்கும். இன்னொரு தரம் அதப் பாக்க என்னால ஆகாது. எடுக்காம விட்டா, கேக்குக்கு நானே ஊட்டிவிட்ட மாதிரி."

என் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வாசல் காவலர் எலியாசர், எங்கள் ஊர் ரொட்டிக்காரரின் மகன்.

"சங்கு ஊதினா எல்லாரும் வெளிய வந்துடணும்மா. வெடிக்கு மேடு சரியுது."

"உங்கப்பன் ரொட்டியில கல்லு பொறுக்கித் தின்னவ நான். எங்கிட்டயே கல்லப் பத்திப் பேசறியா?"

"அந்தப் பல்லோட திரும்பி வாங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

பின்வரிசைக்குக் கேக்கின் அடி வந்து சேர்ந்திருந்தது. பக்கத்துச் சிலுவைகளில் சில பாதிக்குமேல் கல்லுக்குள் நின்றன. எர்சிலியாவின் சிலுவைக்கும் கல்லுக்கும் நடுவே ஒருவர் நிற்கத்தான் இடம். தோண்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எடுக்கவா, வேணாமாக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நொல்பெர்த்தா பூ வளையத்தைச் சிலுவையில் மாட்டினார். நேராக்கினார். மறுபடியும் நேராக்கினார்.

சங்கு ஊதியது.

எல்லோரும் வாசலை நோக்கி ஓடினார்கள். எலியாசர் நொல்பெர்த்தாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் தோளைப் பிடித்து இழுத்தேன்; அசையவில்லை. மண்டியிட்டு, மகளின் மேலிருந்த மண்ணில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டார். வெடி எங்கள் காலுக்கடியில் வந்து போனது. மேலே எங்கோ கற்கள் புரளத் தொடங்கின. ஒரு கல் துள்ளி இறங்கி, வளையத்தை உரசி, அவர் முழங்கை அருகே நின்றது.

தூசி அடங்கியபோது தோண்டுகிறவர் மட்டும் திரும்பி வந்தார்.

"தொறந்ததும் மொதல்ல அவ மொகத்த மூடிடு, தம்பி" என்ற நொல்பெர்த்தா, ஒரு கையை மண்ணிலிருந்து எடுக்காமலே, மறு கையால் தலைத்துணியை அவிழ்த்து அவரிடம் நீட்டினார்.