விடியும்வரை யாரும் தங்காத திட்டு

ஆளை ஆற்றுக்குள் கூட்டிக்கொண்டு போவது சுலபம். அங்கே ஓர் இரவு இருக்க வைப்பதுதான் தொழில். வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உங்கள் கன்னமும் என் கன்னம் போலத்தான் வலிக்கும்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரியின் நடுவே, மணலும் நாணலும் நாலைந்து கருவேல மரங்களுமாக ஒரு திட்டு இருக்கிறது. எங்கள் முதலாளி பொன்னுசாமி அண்ணன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் நீளப் படகில் காட்டுக்குள் போய், கூடாரம் அடித்து, மீன் பிடித்து, நெருப்பு மூட்டிச் சுட்டுத் தின்பதைக் கைபேசியில் பார்த்திருக்கிறார். மறுவாரமே கரையில் பலகை நட்டுவிட்டார்: ‘காட்டாற்றில் ஓர் இரவு. படகு, தூண்டில், பரிபூரண அமைதி.’ திட்டிலிருந்து பார்த்தால் இரண்டு கரையும் தெரியும், ஒரு டீக்கடையின் விளக்கும் தெரியும். ஆனாலும் அது காடுதான் என்று அண்ணன் அடித்துச் சொல்வார்.

நான் விலங்கியல் முதுகலை. மீனுக்குப் பெயர் சொல்வது, தூண்டிலில் புழுக் கோர்க்கக் கற்றுக்கொடுப்பது, வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை. புது ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்குக் குரலே எழும்பாது. மீனோடு பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலைக்கே வந்தேன். நான் முணுமுணுப்பதை வாங்கி உரக்கச் சொல்ல ராணியக்கா இருக்கிறார். பரிசல் ஓட்டுவதும் அவர்தான், சமையலும் அவர்தான். அவர் கூப்பிட்டால் எதிர்க்கரையில் மேயும் எருமை திரும்பிப் பார்க்கும்.

எல்லாம் சரி, ஒருவரும் தங்கவில்லை. வந்த கூட்டமெல்லாம் விடிவதற்குள் கரையேறிவிட்டது. அண்ணன் ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார். ஆடியில் தண்ணீர் ஏறினால் திட்டு முழுகிவிடும். அதற்குள் ஒரே ஒரு கூட்டமாவது ராத்திரி முழுக்க இருந்து, காலையில் அங்கேயே பல் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிட்டு அவர் பட்டறைக்கே போய்விடுவார். நான் போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது. சேலத்தில் என் சித்தப்பா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஆடித் தள்ளுபடிக்கு வாசலில் மைக் பிடித்து நின்று, போகிற வருகிறவர்களை ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டுமாம். அப்பா சரி என்று சொல்லியும் விட்டார். அன்றிலிருந்து என் கனவில் மைக் வர ஆரம்பித்தது.

எது முகம், எது முதுகு

பரிசல் எல்லாரிடமும் இருக்கிறது, நமக்கு அந்த வெளிநாட்டு நீளப் படகு, கேனோதான் வேண்டும் என்று அண்ணன் பட்டறையிலேயே ஒன்றைச் செய்தார். லாரிக்கு அடிக்கிற அதே தகடு, அதே ரிவெட்டு. இரண்டு முனையும் ஒரே மாதிரி கூராக இருந்ததால் பெயிண்டருக்குக் குழப்பம். கடைசியில் ஒரு முனையில் இரண்டு பெரிய கண்களை வரைந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். மறுமுனையில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிக் கறுப்புக் குஞ்சம் தொங்கவிட்டார். பக்கத்துக்கொன்றாகக் கண்ணாடியும் உண்டு. படகு மிதந்தது. அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் கூட்டம் ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு நெய் வியாபாரியும் அவருடைய குடும்பமும். நான் பாதுகாப்பு விதிகளைச் சொன்னேன், ராணியக்கா அதை ஊருக்கே சொன்னார். பிறகு ஆளுக்கொரு துடுப்பை நீட்டினேன். வியாபாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். கடைசியில் ராணியக்கா பரிசலில் முன்னே போக, கேனோ கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டிபோல் பின்னே போனது. சாயங்காலம் அதே கயிற்றில் கரைக்கு டீ குடிக்கப் போனவர்கள் அப்படியே காரேறிவிட்டார்கள். துடுப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கேட்டது மட்டும் திட்டிலேயே தங்கிவிட்டது. “ஏனுங் அம்மிணி, பஸ்ஸுல டிக்கெட்டும் எடுத்துப்போட்டு, வண்டியையும் எங்களையே தள்ளச் சொல்லுவீங்களா?”

தீவனக் கணக்கு

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் தன் மச்சான்களோடு வந்தார். புழு வேண்டாம், கைவசம் இரை இருக்கிறது என்று சொல்லிப் பரிசலிலிருந்து இரண்டு மூட்டை கோழித் தீவனத்தை இறக்கினார். அள்ளி அள்ளி ஆற்றில் வீசினார். மீன்கள் கூட்டமாக வந்து, சாப்பிட்டு, வயிறு நிறைந்து, தூண்டிலை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டன. பசியில்லாத மீன் தூண்டிலைக் கடிக்காது என்று நான் மெல்லச் சொன்னேன். ராணியக்கா அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் கிடைத்தது ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அகலம். அவர் அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், காலி மூட்டைகளைப் பார்த்தார், ஆற்றை மேலும் கீழும் பார்த்தார். பண்ணையில் நோய் கண்டதுபோல் முகம் வாடிவிட்டது. விடியுமுன் கோழிகளுக்கு லைட் போட வேண்டும் என்று காரணம் சொல்லிக் கிளம்பினார். லைட் போட அங்கே ஆள் இருக்கிறாரே என்று மச்சான்கள் முணுமுணுத்தார்கள். பரிசலில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துத் தலையை ஆட்டியபடி அவர் சொன்னார்: “காவேரி நட்டத்துல ஓடுதுங் சாமி.”

தென்மேற்கில் தண்ணீர்

சேலத்தில் வீடு கட்டித் தருகிற ஒரு பொறியாளர் மனைவியோடு வந்தார். கூடாரத்தைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். வாசல் தெற்கே பார்க்கிறது என்றார். திருப்பிப் போட்டோம். சமையல் அக்கினி மூலையில் இல்லை என்றார். ராணியக்கா கொதிக்கிற குழம்போடு அடுப்பைப் பெயர்த்து வந்தார், வாயைத் திறக்காமல். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பொறியாளர் திட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். வடகிழக்கில் தண்ணீர் இருப்பது பிரமாதம், கோடியில் ஒருவருக்குத்தான் அமையும் என்றார். ஆனால் தென்மேற்கிலும் இருக்கிறதே! நான் தயங்கித் தயங்கி, திட்டு என்றாலே நாலாபக்கமும் தண்ணீர்தான் என்று விளக்கினேன். அவர் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பதினைந்து வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவரின் பார்வை அது. பொறியாளர் திசைகாட்டியை மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்த்தார். பிறகு எனக்காகத் தன் கொள்கையைத் தளர்த்திக்கொள்கிறவர்போல் இறங்கி வந்து சொன்னார்: “அந்தத் தென்மேக்குத் தண்ணிய மட்டும் மூடிக் குடுத்தீங்கன்னா, தாராளமாத் தங்கலாமுங்க.”

ஆற்றுக்கு நடுவே ஒரு புள்ளி

நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த நாலு மஞ்சள் விவசாயிகள்மேல் நான் நிஜமாகவே நம்பிக்கை வைத்தேன். கெளுத்தி பிடித்தார்கள், வறுத்தார்கள், சாப்பிட்டார்கள், பாயை விரித்தார்கள். நான் மனதுக்குள் சித்தப்பாவின் மைக்கைக் கீழே வைத்தேன். அப்போது அவர்களில் மூத்தவர், அன்று ராத்திரி முறைக்குத்தான் மும்முனைக் கரண்டு என்று நினைவு வந்து எழுந்தார். கவலையில்லை, தோட்டத்து மோட்டாரைப் போனிலேயே போட்டுவிடலாம், அந்தக் கருவி வாங்கி மாட்டியிருக்கிறேன் என்றார். திட்டில் சிக்னல் இல்லை.

சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று தேடி நாலு பேரும் கேனோவில் ஏறினார்கள். அன்றுதான் முதன்முதலாக அதில் துடுப்புப் போட்டவர்களைப் பார்த்தேன். நடு ஆற்றில் ஓர் இடத்தில் போன் உயிர்பெற்றது. அந்த இடத்தை விட்டால் செத்தது. மூன்று பேர் படகை அதே புள்ளியில் நிறுத்தத் துடுப்பால் போராட, பெரியவர் எழுந்து நின்று, போனை வானத்துக்குக் காட்டி, ஸ்பீக்கரில் மோட்டாரிடம் பேசினார். மோட்டாரும் பதில் சொன்னது, ஒரு பெண் குரலில். கிணற்றில் தண்ணீர் இல்லையாம், மோட்டாரை நிறுத்திவிட்டதாம். அப்புறம் எங்கே தங்குவது? பாயைச் சுருட்டும்போது பெரியவர் என்னிடம் வந்து ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: “கழுத்தளவு தண்ணிக்கு நடுவுல நின்னுட்டிருக்கறன், தண்ணியே இல்லைன்னு போன் வருது பாரு சாமி.”

பரிபூரண அமைதி

ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது கடைசிக் கூட்டம் வந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், ஆறு பேர். வடக்கே எங்கெங்கோ மாதக்கணக்கில் போர் போட்டுவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்கள். நல்லா ஓய்வெடுங்கள் என்று அவர்கள் முதலாளியே அனுப்பி வைத்திருந்தார். மறுநாள் கூடாரங்களைப் பிரிக்க ஏற்பாடாகியிருந்தது. அன்று மத்தியானம் நான் கரையில் இருந்தபோது சித்தப்பா போன் செய்து, மைக் வாங்கியாகிவிட்டது, வயரில்லாதது, கையில் வைத்துக்கொண்டு ரோடுவரைக்கும் நடக்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஆறு பேரும் தங்கமான மனிதர்கள். துடுப்புப் போட்டார்கள், மீன் பிடித்தார்கள், எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஆறு பேரும் கூடாரத்துக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் குமரேசன் அண்ணன், துளை போடும் மிஷினை இயக்குபவர், தயங்கியபடி ராணியக்காவிடம் போய்ப் பரிசலை எடுக்க முடியுமா என்று கேட்டார். “என்னுங் ஆச்சு? பூச்சி ஏதாவது கடிச்சுதா?” என்று அக்கா கத்தினார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா. சத்தமே காணோம். கம்ப்ரஸர் வண்டிக்குக் கீழயே படுத்துப் பழகிட்டம். இப்பிடிக் கம்முனு கெடந்தா வண்டி நின்னுபோச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. ஊட்லயும் இதே பாடுதான். ரெண்டு நாளாத் தூக்கமில்ல.”

ராணியக்கா பரிசல் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். எனக்கு ரோடுவரைக்கும் நடக்கிற மைக் கண்முன்னே தெரிந்தது. “இருங்க!” என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தபிறகுதான் கத்தியது நான் என்று தெரிந்தது.

அமைதி கெடக் கூடாது என்று பொன்னுசாமி அண்ணன் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதை இழுத்து வந்து ஓடவிட்டேன். ஆறு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். “கொசுவாட்ட இருக்குதுங்க” என்றார் ஒருவர், என் மனம் நோகாதபடி. அப்போதுதான் மணலில் கவிழ்ந்து கிடந்த கேனோ கண்ணில் பட்டது. ஆறு பேரும் கைகொடுக்க, ஜெனரேட்டரைத் தூக்கி அதன் முதுகில் வைத்தோம்.

லாரித் தகடு லாரித் தகடுதான். ரிவெட்டு ரிவெட்டாக அதிர்ந்தது. எலுமிச்சம்பழம் அறுந்து விழுந்தது. கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடின. தவளைகள் நின்றன, நாணலிலிருந்து நாரைகள் எழுந்து கரூர்ப் பக்கம் போய்விட்டன. அந்தப் பக்கத்து மீன்களெல்லாம் பவானி வரைக்கும் போயிருக்கும். குமரேசன் அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “கொஞ்சம் பிஸ்டன் தட்டுது, பரவால்ல” என்றார், அவ்வளவுதான். படுத்த இடத்திலேயே ஆறு பேரும் குறட்டை விட ஆரம்பித்தார்கள்.

நான் பெட்ரோல் கேனோடு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பெட்ரோல் ஊற்ற மிஷினை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? ஒரு தடவை நிறுத்தினேன். அந்தக் கணமே ஆறு பேரும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே, “துளைக்குள்ள பிட்டு மாட்டிக்கிச்சா?” என்றார்கள். இல்லை என்றேன், நன்றாகக் கேட்கும்படி. ஓடவிட்டேன். ஒன்றாகச் சாய்ந்தார்கள். ராணியக்கா இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

விடிந்ததும் பொன்னுசாமி அண்ணன் கூடாரங்களை அள்ளிக்கொண்டு போக ஆளோடு வந்தார். சத்தம் கரையிலேயே கேட்டதாம். யாரோ திட்டில் போர் போடுகிறார்கள் என்று பயந்துபோய் வந்தவர், ஆறு பேர் வரிசையாகக் குத்தவைத்துக் காவிரியில் பல் விளக்குவதைப் பார்த்ததும் பரிசலிலேயே நின்றுவிட்டார். வாயில் நுரையோடு குமரேசன் அண்ணன் அவரைக் கும்பிட்டார். இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டருக்கு மேலே கேட்கும்படி, நெகிழ்ந்துபோய்க் கத்தினார்: “இந்த மாதிரி ஒரு அமைதியான எடத்த நான் எங்கயும் பாத்ததில்லீங்க!”

மைக்கைச் சித்தப்பா வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார். பொன்னுசாமி அண்ணன் இன்னும் பெரிய ஜெனரேட்டராக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். ஆடி வெள்ளம் வடிந்து திட்டு வெளியே தெரிந்தால் போதும், பெட்ரோல் இருக்கிறவரைக்கும் எங்கள் அமைதிக்குக் குறைவிருக்காது.