பின்சுவரோரத்துத் தேன்பெட்டி

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு 2003இல் குடிவந்தவள் பாண்டிச்செல்வி. பாபநாசம் பக்கத்துப் பெண். கணவன் வேல்ராஜுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரண்டு முறை கரு கலைந்து, யாரோடும் பேச்சில்லாமல் சுருண்டு கிடந்தாள். பொறுக்காமல் அவள் அப்பா ஊரிலிருந்து ஒரு தேன்பெட்டியைக் கொண்டுவந்து பின்சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அவள் முகத்தில் களை வந்தது. "யக்கா, மகரந்தத்தைக் கால்ல ஒட்டிட்டு வருதுவ, பாருங்க" என்று என்னைக் கூப்பிடுவாள். எனக்குப் பயம், தள்ளியே நிற்பேன்.

பின்னால் இருந்த விடுதியில் ஒரு பையனுக்குக் கன்னத்தில் கொட்டிவிட்டது. நாளெல்லாம் கம்பெனிப் புகையைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களுக்கு ஒரு தேனீ பொறுக்கவில்லை. புகார் எழுதிவிட்டார்கள்.

பஞ்சாயத்து ஆபீசில் வேல்ராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "வூட்ல தேனீ வளக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லப்பா. ஆனா அக்கம்பக்கத்துக்குத் தொல்லைன்னு எழுதிக் குட்த்துட்டா எடுத்துத்தான் ஆவணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள மாத்திடு."

வேல்ராஜ் கோவில்பட்டிக்காரன், தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயம் வேறு. பெட்டியைத் தூக்கும்போது அவள் அழுவதைப் பார்க்க அவனால் முடியாது. அதனால் அவள் ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், நல்ல வெயிலில், பெட்டியின் வாசலைத் துணியால் அடைத்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் வைத்துத் திறந்துவிட்டான்.

இருட்டி எல்லாம் கூடடைந்த பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும், அதுவும் பல மைல் தள்ளி வைக்க வேண்டும் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நைட் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு ஓய்வென்றால் பகல்தானே.

மேயப்போயிருந்தவை சுவருக்கே திரும்பி வந்தன. ஏரிக்கரையில் வெளியே வந்தவையும் இங்கேயே வந்தன. பெட்டி இருந்த இடத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டன. பாண்டிச்செல்வி தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ராத்திரி மழை பிடித்தது. காலையில் தரையெல்லாம் செத்துக் கிடந்தன.

"சட்டப்படிதான செஞ்சேன் செல்வி" என்றான் வேல்ராஜ்.

அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள்.

"நீங்க செஞ்சது சரிதான். அதுவளுக்கு யாரு சொல்லுவா? நேத்துவரைக்கும் இங்கதான வீடு இருந்துச்சு."

அந்த மாதமே அப்பா வந்து அவளை ஊருக்குக் கூட்டிப்போனார். வேல்ராஜ் இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் வரவில்லை.